வெளிநாட்டு வேலை: குடும்ப ஆவணங்களை எப்போது எடுப்பது?

திட்டக்குடி, விருத்தாசலம் பகுதிகளிலிருந்து வளைகுடாவில் வேலை தேடும் சகோதரர்கள், குடும்ப ஆவணங்களை விசா வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவதுண்டு. அதனால் வேலை கிடைத்தும் மனைவி, மக்கள் மாதக்கணக்கில் ஊரிலேயே காத்திருக்க நேர்கிறது.

காலாவதியாகாத ஆவணங்களை வேலை தேடும்போதே எடுத்துவிடுவோம். பள்ளிவாசல் நிக்காஹ் பதிவேடு மட்டும் போதாது. 2009ஆம் ஆண்டு தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டப்படி, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்த சான்றிதழ் வேண்டும். பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழிலும் பாஸ்போர்ட்டிலும் பெற்றோர் பெயர் எழுத்து மாறாமல் இருக்க வேண்டும். சிறுவர் பாஸ்போர்ட் பெரும்பாலும் 5 ஆண்டுகளுக்கே செல்லும்; தேதியைப் பார்த்துக்கொள்வோம்.

சான்றிதழ்களுக்கு அட்டஸ்டேஷன் செய்வதை மட்டும், போகும் நாடு உறுதியான பிறகு வைத்துக்கொள்ளலாம். சவூதி 2022இல் அப்போஸ்டில் ஒப்பந்தத்தில் சேர்ந்தது. அங்கு அந்த முத்திரை போதும். அமீரகத்துக்குத் தூதரக அட்டஸ்டேஷன் தேவை. முறை மாறினால் பணமும் நாட்களும் வீண். குறுகிய காலமே செல்லும் மருத்துவப் பரிசோதனை, போலீஸ் சான்றிதழ் இரண்டையும் கடைசியில் எடுப்போம்.

ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் சம்பளத்தையும் கவனிப்போம். அமீரகத்தில் குடும்பத்தை அழைக்க 4,000 திர்ஹம், அல்லது தங்குமிடத்துடன் 3,000 திர்ஹம் மாதச் சம்பளம் வேண்டும். அதற்குக் குறைந்தால், ஆவணங்கள் எல்லாம் சரியாக இருந்தும் குடும்ப விசா கிடைக்காது.