மூடியைத் திறக்காமல் ஆழம் பார்ப்பது

காஸ் சிலிண்டரில் மிச்சம் எவ்வளவு என்று பார்க்க ஈரத்துணியால் துடைத்துவிட்டுக் காத்திருப்போம். மேலே சட்டென்று காயும். திரவம் இருக்கும் கீழ்ப்பகுதியில் ஈரம் நிற்கும். அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாநிலத்து எண்ணெய் வயல்களில் ஆழம் பார்க்கும் வழக்கமான முறை இவ்வளவு சாதுவானதல்ல.

கிணற்றடியில் வரிசையாக நிற்கும் தொட்டிகளில் 400 பேரல் கொள்பவை அதிகம்: 12 அடி விட்டம், 20 அடி உயரம். ஊழியர் படியேறி, உச்சியிலுள்ள மூடியைத் திறந்து, எஃகு நாடாவில் பித்தளைக் குண்டைக் கட்டி இறக்குவார். இரும்பில் மோதினாலும் பித்தளை எளிதில் பொறி தட்டாது. நாடாவில் எண்ணெய் நனைத்த இடம்தான் மட்டம். ஓர் அங்குலம் பிசகினால் 260 லிட்டருக்கு மேல் கணக்கு உதைக்கும். கிணற்றிலிருந்து எண்ணெயோடு உப்புநீரும் வந்து அடியில் தங்குமே, அதற்கும் வழி உண்டு. குண்டில் பொன்பழுப்புப் பசையைத் தடவி இறக்கினால், தண்ணீர் பட்ட உயரம் வரை சிவந்து வரும். எளிமையில் இதை மிஞ்சிய கருவியை நான் அறியேன்.

ஆபத்து மூடியில் இருக்கிறது. திறந்ததும் புரொப்பேன், பியூட்டேன் போன்ற வாயுக்கள் முகத்தில் அடிக்கும். ஆக்சிஜன் குறைந்து தலை சுற்றும். இதயத் துடிப்பே குலையலாம். 2010 முதல் 2014 வரை அமெரிக்காவில் இப்படி அளவெடுக்கவோ மாதிரி எடுக்கவோ போன 9 பேர் இறந்ததாக அரசுத் தொழிலாளர் பாதுகாப்பு அமைப்புகள் 2016இல் எச்சரித்தன. மூடியைத் திறக்காமல் அளந்து எண்ணெய் கைமாற்றுவதற்கான நெறிமுறையை அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம் வெளியிட்டதும் அதே ஆண்டில்தான்.

திறக்காத வழிகளில் பழையது மிதவை. கம்பியில் இணைந்த குறி வெளிப்பலகையில் ஓடும். தொட்டி நிறைய நிறையக் குறி கீழே இறங்கும் என்பதால் புதியவர்கள் தலைகீழாகப் படித்துவிடுவார்கள். ரேடார், அலை போய்த் திரும்பும் நேரத்தை வைத்து மேல்மட்டத்தைச் சொல்லும். ஆனால் கூரையிலிருந்து பார்க்கும் சாதாரண ரேடாருக்கு அடிநீர் தெரியாது.

வெப்பப்படக் கேமராதான் நம் ஈரத்துணிக்கு உறவு. பகலெல்லாம் வெயில் குடித்த தொட்டியில், அந்தி சாய்ந்ததும் வாயு நிற்கும் மேல்பகுதி விரைவாகக் குளிரும். எண்ணெய் சூட்டை விடாது. படத்தில் இரண்டுக்கும் நடுவே கோடு விழும். அடியில் கசடு படிந்திருந்தால் இன்னொரு கோடும் தெரியலாம். தரையில் நின்றே பார்க்கலாம், ஆனால் அங்குலக் கணக்குக்கு உதவாது. மேகமூட்டமான நாளில் கோடு மங்கும். பளபளக்கும் அலுமினியத் தகடு போர்த்திய தொட்டியிலோ, எதிரே நிற்பவரின் உடல்சூடே திரும்பி வந்து கேமராவில் விழும்.