வகுப்பில் மிச்சமான பிள்ளைகள்

எங்கள் வாசிப்பு மேசை – 9

பீஹார் மாநிலத்தில் லக்ஷ்மன்கட் என்றொரு கிராமம். அதன் பள்ளிக்கூடத்துக்குச் சொல்லாமல் கொள்ளாமல் ஓர் இன்ஸ்பெக்டர் வந்து நிற்கிறார். வாசிக்கச் சொன்னால் வகுப்பில் ஒரே ஒரு பையன்தான் ஒழுங்காக வாசிக்கிறான். காட்டில் தலைமுறைக்கு ஒன்றாகப் பிறக்கிற விலங்கு எது என்று அவனிடம் கேட்கிறார். வெள்ளைப் புலி என்கிறான். இந்தக் கூட்டத்தில் நீதான் அது, உனக்கு உண்மையான பாடசாலை வேண்டும், புலமைப்பரிசிலுக்கு எழுதுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டுப் போகிறார். வாக்கு வாக்காகவே நின்றுவிடுகிறது. குடும்பத்தில் ஒரு கல்யாணம் வருகிறது. கல்யாணத்துக்குச் சீதனம், சீதனத்துக்கு நிலக்கிழாரிடம் கடன். கடனை அடைக்கப் பையனைப் பள்ளிக்கூடத்திலிருந்து எடுத்துத் தேத்தண்ணிக் கடையில் விடுகிறார்கள். கரி உடைப்பதும் மேசை துடைப்பதும் இனி அவன் வேலை.

அரவிந்த் அடிகா ஆங்கிலத்தில் எழுதிய 'த வைட் டைகர்' நாவலின் தொடக்கப் பகுதியில் வருகிற சம்பவம் இது. 2008இல் வெளிவந்த அவருடைய முதல் நாவல். அதே ஆண்டு ஒக்டோபரில் புக்கர் பரிசு பெற்றது. கொலன்னாவையில் சனிக்கிழமைப் பின்னேரங்களில் கூடும் எங்கள் வாசிப்பு வட்டத்தில் இந்தத் தவணை முழுக்க இதைத்தான் வாசித்தோம். வருகிறவர்கள் தமிழ் மொழிமூலம் உயர்தரம் படிக்கிற பிள்ளைகள். பாதிப் பக்கங்களை அவர்கள் வாசிப்பார்கள், மீதியை நான் வாசித்துச் சொல்வேன், பேச்சு தமிழில் நடக்கும். 2021இல் நெட்ஃபிளிக்ஸில் வந்த படத்தைச் சிலர் ஏற்கெனவே போனில் பார்த்திருந்தார்கள்.

வாசிக்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தேத்தண்ணிக் கடைப் பையன் பல்ராம் ஹல்வாய் கார் ஓட்டப் பழகி, அதே நிலக்கிழாரின் மகன் அசோக்குக்குச் சாரதியாகி டில்லிக்குப் போகிறான். எஜமானின் மனைவி குடித்துவிட்டுக் கார் ஓட்டித் தெருவில் ஒரு பிள்ளையை அடித்துப் போட்டபோது, ஓட்டியது நான்தான் என்று எழுதிய கடதாசியில் பல்ராமிடம் கையெழுத்து வாங்குகிறார்கள். கடைசியில் உடைந்த போத்தலால் அசோக்கைக் கொன்று, 7 இலட்சம் ரூபாவுடன் பெங்களூருக்கு ஓடி, கோல் சென்டர் ஊழியரை ஏற்றி இறக்கும் வாகனக் கம்பனிக்கு முதலாளியாகிறான். இவ்வளவையும் ஏழு இரவுகளில் சீனப் பிரதமர் வென் ஜியாபாவோவுக்குக் கடிதமாக எழுதுகிறான். ஊரில் அவன் குடும்பத்தை நிலக்கிழாரின் ஆட்கள் பழிவாங்கியிருப்பார்கள் என்று அவனுக்குத் தெரியும். தெரிந்தேதான் போத்தலை எடுத்தான்.

இந்த நாவலைப் பற்றி உலகம் முழுக்க நடக்கிற விவாதம் அந்தக் கொலையைச் சுற்றியே நடக்கிறது. எங்கள் பிள்ளைகளும் அரை மணி நேரம் அதில் மோதினார்கள். "வேற வழி இருந்திச்சா?" என்றான் ஒருவன். "குடும்பத்தையே பலி குடுத்துட்டு எழும்புறது என்ன எழும்புறது?" என்றாள் இன்னொருத்தி. பிறகு பேச்சு தானாகவே தேத்தண்ணிக் கடைக்குத் திரும்பியது. அதன் பிறகு எந்தக் கிழமையும் அவர்கள் அந்தக் கடையை விட்டு வெளியே வரவில்லை.

அதற்கு இந்த ஊரில் காரணம் இருக்கிறது. கொலன்னாவை என்றால் வெளியாட்களுக்கு எண்ணெய்த் தாங்கிகள் நினைவுக்கு வரும், அதற்கடுத்தபடியாக மீதொட்டமுல்ல. 2009இல் கொட்டாஞ்சேனைப் பக்கத்துப் புளூமண்டல் குப்பைமேடு மூடப்பட்ட பிறகு கொழும்பின் குப்பை இங்கே வந்து குவிந்தது. 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளில், அந்த மலை சரிந்து வீடுகளோடு முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்களை மூடியது. அதற்கு முந்தைய ஆண்டு மே மாதத்தில்தான் களனி கங்கை பெருகி இதே வீடுகளுக்குள் வெள்ளம் வந்திருந்தது. வெள்ளத்தில் கொப்பி, புத்தகம் எல்லாம் போய், பிறகு பாடசாலைக்குத் திரும்பாமலேயே வேலைக்குப் போன பிள்ளைகளை இந்த மேசையில் இருக்கிறவர்களுக்குப் பெயர் சொல்லித் தெரியும். 2022இன் நெருக்கடி அந்தப் பட்டியலை இன்னும் நீட்டியது. நாட்டின் வறுமை 2021இல் 13.1 வீதமாக இருந்து ஒரே ஆண்டில் 25 வீதமானது என்று உலக வங்கி மதிப்பிட்டது. அந்த வருடம் ஹார்ட்வெயார் கடையில் சாமான் ஏற்ற நின்ற ஒரு பையன், இரண்டு தவணை தவறவிட்டு, இப்போது எங்கள் மேசையில் உட்கார்ந்திருக்கிறான். பல்ராம் கரி உடைக்கிற பக்கத்தை அவன்தான் சத்தமாக வாசித்தான்.

அடிகா இந்த நாவலை வெளியிடுவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, 2006 ஒக்டோபரில், 14 வயதுக்குட்பட்டவர்களைத் தேத்தண்ணிக் கடைகளிலும் சாப்பாட்டுக் கடைகளிலும் வீட்டு வேலையிலும் வைத்திருப்பதை இந்தியா தடைசெய்திருந்தது. கல்வியை உரிமையாக்கிய சட்டம் 2010 ஏப்ரலில்தான் நடைமுறைக்கு வந்தது. பல்ராமின் சிறுபராயம் இரண்டுக்கும் முந்தியது. இலங்கையிலோ வேலைக்கு அமர்த்தும் குறைந்த வயது 14இலிருந்து 16 ஆனது 2021இல்தான். சட்டம் வருவதும் கடை முதலாளி பையனைத் திருப்பி அனுப்புவதும் ஒன்றல்ல என்பதை அந்த ஹார்ட்வெயார் கடைப் பையன் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

சாரதி ஒருவரின் மகன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "எங்க அப்பா கொழும்பு ஏழுல ஒரு வீட்டுக்கு ஓடுறார் சேர். பொஸ்ஸோட நம்பருக்கு மட்டும் போன்ல வேற ரிங்டோன் வச்சிருக்கார். அந்தச் சத்தம் கேட்டா சோத்துல இருந்து எழும்பிடுவார்." ஹோட்டலில் கல்யாண ரிசப்ஷன் முடிகிற வரைக்கும் அப்பா காருக்குள் இருப்பாராம், கண்ணாடியை இறக்கினால் நுளம்பு, ஏற்றினால் மூச்சு முட்டும். அடுக்குமாடியின் நிலக்கீழ்த் தளத்தில் கரப்பான் பூச்சிகளோடு பல்ராம் படுத்துக்கிடக்கிற பக்கங்களை அவன் மூன்று தரம் வாசித்திருக்கிறான். ஆனால் அவனுக்கு நாவலோடு ஒரு சண்டையும் இருந்தது. அப்பாவின் பொஸ் நல்ல மனிதர்தான், அக்காவின் ஒப்பரேஷனுக்குக் காசு கொடுத்தவர் என்றான். "அசோக்கும் நல்லவர்தானே?" என்று பக்கத்திலிருந்தவள் கேட்டாள். அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நல்லவரா இருந்தாலும் ரிங்டோன் அதேதான்" என்றான். இந்த நாவலைப் பற்றி நான் வாசித்த எந்த விமர்சனத்திலும் இவ்வளவு துல்லியமான ஒரு வரி இல்லை.

பெண் பிள்ளைகள் வேறிடத்தில் பிடித்துக்கொண்டார்கள். படிப்பு நின்றது ஒரு மச்சாளின் சீதனத்தால் என்று பல்ராம் சொல்கிறான். வீட்டை ஆட்டிப்படைக்கிற பாட்டி குசும்தான் நாவலில் பெரிய கொடுமைக்காரி. "அந்த மச்சாளைக் கூப்பிட்டு யாராவது கேட்டாங்களா, உனக்குக் கல்யாணம் வேணுமான்னு? அவ எத்தனையாம் வகுப்போட நின்டான்னு இந்தப் புத்தகத்துல எங்கயாவது இருக்கா?" என்று ஒருத்தி கேட்டாள். தேடிப் பார்த்தோம். பல்ராமின் படிப்பு நின்றது ஒரு நாவலுக்குக் காரணமாகிறது. அந்த வீட்டுப் பெண்கள் படித்தார்களா இல்லையா என்பது ஒரு வாக்கியத்துக்குக்கூட ஆகவில்லை.

ராம் பெர்சாத் என்ற பாத்திரத்தைக் கடந்துபோக ஒரு மாணவி விடவேயில்லை. அதே வீட்டின் முதலாவது சாரதி அவன். முஸ்லிம் என்று தெரிந்தால் வேலை கிடைக்காது என்பதால் பெயரை மறைத்து இந்துவாக நடித்துக்கொண்டிருப்பவன். நோன்பு மாதத்தில் அவன் ஒளித்துப் பள்ளிவாசலுக்குப் போவதைப் பல்ராம் பின்தொடர்ந்து கண்டுபிடிக்கிறான்; அன்றோடு ராம் பெர்சாத்தின் வேலை போய்விடுகிறது, அந்த இடம் பல்ராமுக்குக் கிடைக்கிறது. "முதல் கொலை இதுதான் சேர்" என்றாள் அவள். மதத்தை ஒளித்து வேலை தேடுவது எப்படி இருக்கும் என்று அவளிடம் யாரும் கேட்கவில்லை. 2019 ஏப்ரல் உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிந்தைய மாதங்களில் இந்தப் பக்கத்து முஸ்லிம் பிள்ளைகள் பஸ்ஸில் எப்படிப் போய்வந்தார்கள் என்பது அந்த மேசையில் எல்லாருக்கும் தெரியும்.

எல்லாருடைய பேச்சையும் ஒரு கேள்வி கடைசியில் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்தது. கூட்டத்திலேயே குறைவாகப் பேசுகிற பையன் அவன். "இன்ஸ்பெக்டர் ஒருத்தனைத்தானே வெள்ளைப் புலின்னு சொன்னார். அந்த வகுப்புல மத்தப் பிள்ளைகள் என்ன ஆனாங்க?"

தரம் ஐந்து புலமைப்பரிசில் பரீட்சை எழுதிய பிள்ளைகளின் கேள்வி அது. இந்த நாட்டில் ஆண்டுதோறும் 3 இலட்சத்துக்கும் மேற்பட்ட பத்து வயதுப் பிள்ளைகள் அதை எழுதுகிறார்கள்; வெட்டுப்புள்ளியைத் தாண்டுகிறவர்கள் ஒரு சிறு பகுதியினர்தான். அந்தப் பரீட்சையின் வேர் நல்லது. 1931இல் கல்வி அமைச்சரான சீ.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கரா 1945 ஒக்டோபரிலிருந்து பாலர் வகுப்பு தொடங்கிப் பல்கலைக்கழகம் வரை கல்வியை இலவசமாக்கினார். கிராமத்து ஏழைப் பிள்ளை வசதியான மத்திய கல்லூரிக்குப் போவதற்கான வழியாகவே புலமைப்பரிசில் வந்தது. 1980இலிருந்து பாடநூலும் 1993இலிருந்து சீருடைத் துணியும் இலவசமாகக் கிடைக்கின்றன. லக்ஷ்மன்கட்டின் வாத்தியார் அரசாங்கம் அனுப்பிய சீருடைகளைப் பக்கத்து ஊரில் விற்றுவிடுகிறார், பிள்ளைகளின் சாப்பாட்டுக் காசையும் எடுக்கிறார்; ஆறு மாதமாக அவருக்குச் சம்பளம் வரவில்லை. பல்ராமின் அப்பா ரிக்‌ஷா இழுத்து, காசநோய் வந்து, டொக்டர் இல்லாத அரசாங்க ஆஸ்பத்திரியின் தரையில் இரத்தம் கக்கிச் சாகிறார். அதை வாசித்தபோது, "இங்க எண்டா வெலிசறை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்பாங்க, மருந்து சும்மா குடுப்பாங்க" என்று ஒரு பிள்ளை சொன்னாள். உண்மைதான். அதற்குப் பின்னால் பல தலைமுறைகளின் உழைப்பு இருக்கிறது. அதை அந்தப் பிள்ளைகள் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை என்பது எனக்கு நிறைவாக இருந்தது.

ஆனால் அந்தப் பையனின் கேள்வி அப்படியே நிற்கிறது. இன்றைக்குக் கொழும்பில் புலமைப்பரிசில் சித்தியடைந்த பிள்ளையைப் பெற்றோர் உடனே ஊர்ப் பாடசாலையிலிருந்து எடுத்துப் பெயர்பெற்ற கல்லூரிக்கு மாற்றிவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு உரிமையில்லை. வகுப்பில் நன்றாகப் படித்த இரண்டு மூன்று பேர் போனபின் அந்தப் பாடசாலையில் தரம் ஆறு தொடங்குகிறது. மிச்சமானவர்களிடம், நீங்கள் தெரிவாகாதவர்கள் என்று பத்து வயதிலேயே சொல்லியாயிற்று. இன்ஸ்பெக்டர் ஒருவனைப் புலி என்றபோது மற்றவர்களை என்னவென்று சொன்னார் என்பதை நாவல் யோசிப்பதேயில்லை. பல்ராம் கடைசி வரைக்கும் அந்தப் பட்டத்தைச் சுமந்துகொண்டு, ஏனைய ஏழைகளைக் கூட்டுக்குள் அடைந்து கிடக்கிற கோழிகளாகவே பார்க்கிறான். அடிகாவின் பார்வையும் பல இடங்களில் அவனுடையதோடு சேர்ந்தே போகிறது. இந்த நாவலின் பெரிய பலவீனம் என்று நான் நினைப்பது இதைத்தான். மற்றச் சாரதிகள், சமையற்காரர்கள், காவற்காரர்கள் எவருக்கும் அவர் ஒரு புத்திசாலித்தனமான எண்ணத்தைக் கொடுக்கவில்லை. சென்னையில் பிறந்து, மங்களூரில் ஒரு டொக்டரின் மகனாக வளர்ந்து, கொலம்பியாவிலும் ஒக்ஸ்போர்ட்டிலும் படித்தவர் அவர். வசதியான வீட்டில் வளர்ந்தவர் ஏழையைப் பற்றி எழுதலாம். கோபத்தோடு எழுதியிருக்கிறார், அந்தக் கோபம் நேர்மையானது. ஆனால் ஏழைகளுக்குள் ஒருவன்தான் யோசிக்கிறான் என்று எழுதினால், அந்த இன்ஸ்பெக்டர் நின்ற இடத்தில்தான் அவரும் நிற்கிறார்.

விகாஸ் ஸ்வரூப்பின் 'கியூ அண்ட் ஏ' 2005இல் வந்தது. அதிலிருந்து எடுத்த 'ஸ்லம்டோக் மில்லியனர்' எட்டு ஒஸ்கார் வாங்கியது. அங்கேயும் ஓர் ஏழைப் பையன் எழும்புகிறான், தொலைக்காட்சிப் போட்டியில் வென்று. உலகம் கொண்டாடிய இரண்டு கதைகளிலும் பள்ளிக்கூடம் ஏணியாக இல்லை. ஒன்றில் அதிர்ஷ்டம், மற்றதில் போத்தல். இந்தியாவின் தலித் எழுத்தாளர்கள் தங்கள் வாழ்க்கையை எழுதும்போது பள்ளிக்கூடத்தை இவ்வளவு சுலபமாக விட்டுவிடுவதில்லை. ஓம்பிரகாஷ் வால்மீகியின் ஹிந்தித் தன்வரலாறு 'ஜூட்டன்' 1997இல் வந்தது. அதில் தலைமையாசிரியர் வகுப்பில் உட்கார விடாமல் சிறுவன் வால்மீகியின் கையில் தும்புத்தடியைக் கொடுத்து நாள்கணக்கில் மைதானம் கூட்டவைக்கிறார். தற்செயலாக அந்த வழியே வந்த அப்பா அதைப் பறித்து வீசிவிட்டு, என் மகன் இங்கேதான் படிப்பான் என்று தலைமையாசிரியரோடு நேருக்கு நேர் மல்லுக்கு நிற்கிறார். பல்ராமின் அப்பாவுக்கும் மகன் படிக்கவேண்டும் என்ற ஆசை இருந்தது. கடன்காரன் வாசலில் நின்றபோது அந்த ஆசைக்கு வீட்டில் மதிப்பில்லாமல் போனது.

கடைசிக் கிழமை நாவலின் முடிவைப் பேசினோம். பெங்களூரில் வசதியாகிவிட்ட பல்ராம், தன்னோடு கூட்டிவந்த தரம் என்ற சின்னப் பையனைப் படிக்கவைக்கிறான். எல்லாவற்றையும் விற்றுவிட்டு ஏழைப் பிள்ளைகளுக்கு ஒரு பாடசாலை கட்டும் யோசனையும் அவனுக்கு இருக்கிறது. அந்தப் பாடசாலையில் சேருவீர்களா என்று பிள்ளைகளிடம் கேட்டேன். கொலைக்காசு, வேண்டாம் என்றார்கள் சிலர். எல்லாப் பெரிய பாடசாலைகளின் காசும் எங்கேயிருந்து வந்தது என்று விசாரித்துப் பார்த்தா சேருகிறோம் என்று திருப்பிக் கேட்டான் சாரதியின் மகன். சீதனத்தைப் பற்றிக் கேட்ட மாணவி, பெண் பிள்ளைகளைச் சேர்ப்பானா என்று முதலில் தெரியவேண்டும் என்றாள். ஹார்ட்வெயார் கடையில் நின்ற பையன் சேருவேன் என்றான், ஒரு நிபந்தனையோடு: "சோதினை வச்சு எடுக்கக் கூடாது. வாற எல்லாரையும் எடுக்கணும்." அது முடியுமா, இடம் போதாவிட்டால் என்ன செய்வது என்று அவனோடு மற்றவர்கள் பிடித்த சண்டை ஆறு மணி தாண்டியும் ஓயவில்லை.

அடுத்த சனிக்கிழமை வால்மீகி. முதல் அத்தியாயத்தின் பிரதிகளை எல்லாருக்கும் கொடுத்தாயிற்று.