பூவாளி சொல்லும் பொருளாதாரம்

நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் ஓர் ஓவியம் இருக்கிறது. பிரெஞ்சு ஓவியர் எட்கர் டெகா 1877-இல் வரைந்தது. பாலே நடனம் பயிலும் இரு பெண்கள், சுவரோரக் கம்பியின் மீது ஒரு காலைத் தூக்கி வைத்து உடலை வளைத்துப் பழகிக்கொண்டிருக்கிறார்கள். மேடை இல்லை; பார்வையாளர்கள் இல்லை. ஓவியத்தின் பெரும்பகுதி வெறும் தரைதான். இடப்புறச் சுவரோரம் ஒரு பூவாளி.

நடனக் கூடத்தில் பூவாளிக்கு என்ன வேலை? ஆடும்போது புழுதி கிளம்பாமல் இருக்கத் தரையில் தண்ணீர் தெளிப்பார்கள். அக்காலப் பயிற்சிக் கூடங்களில் அது வழக்கமான பொருள். ஆனால் டெகா அதைச் சும்மா வைக்கவில்லை. வலப்புறப் பெண்ணின் உருவத்தைக் கவனியுங்கள். கை, பூவாளியின் பிடிபோல வளைந்திருக்கிறது. உயர்த்திய கால், அதன் மூக்குபோல நீண்டிருக்கிறது. பூவாளியும் உழைப்புக் கருவி. அந்த உடலும் உழைப்புக் கருவி. பொருளாதாரம் கற்பித்த எனக்கு, இந்த ஒப்புமை வெறும் அழகியல் உத்தியாகத் தோன்றவில்லை.

இம்ப்ரெஷனிச ஓவியர்கள் 1874 முதல் 1886 வரை நடத்திய 8 கண்காட்சிகளில் ஏழில் டெகா பங்கேற்றார். எனினும் அந்தப் பெயரை அவர் விரும்பியதில்லை. தம்மை யதார்த்தவாதி என்றே கருதினார். மற்றவர்கள் ஆற்றங்கரை வெளிச்சத்தைத் தேடிப் போனபோது, அவர் ஒத்திகை அறைகளையும் சலவைக் கூடங்களையும் நாடினார். வங்கிக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். 1874-இல் தந்தை மறைந்த பின் குடும்பத்தின் கடன்சுமை வெளிப்பட்டது. வீட்டையும் சேகரித்த ஓவியங்களையும் விற்றார். அதன்பின் தூரிகையை நம்பிப் பிழைக்க வேண்டிய நிலை. நடனப் பெண்களின் ஓவியங்கள் நன்றாக விற்றன. ஆக, அவர்களின் உழைப்பை வரைந்தவரும் அப்போது உழைத்துப் பிழைத்தவரே.

அந்தப் பெண்கள் யார்? பாரிஸ் ஓபராவின் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தவர்களில் பலர் ஏழைத் தொழிலாளர் வீட்டுச் சிறுமிகள். ‘குட்டி எலிகள்’ என்பது அவர்களுக்கு வழங்கிய பட்டப்பெயர். சந்தா செலுத்திய செல்வந்தர்கள் மேடைக்குப் பின்புறம் வரை வந்துபோகும் சலுகை பெற்றிருந்தனர். டெகாவின் சில ஓவியங்களில் திரைமறைவில் நிற்கும் கறுப்பு உடை ஆண்கள் இவர்கள்தாம். வறுமையும் செல்வமும் அங்கே எந்த அடிப்படையில் சந்தித்தன என்பதை விளக்க வேண்டியதில்லை.

மேரி வான் கோதெம் அத்தகைய சிறுமி. சலவைத் தொழிலாளியின் மகள். டெகா 1881-இல் காட்சிக்கு வைத்த ‘பதினான்கு வயது நடனச் சிறுமி’ என்ற மெழுகுச் சிலைக்கு நின்றவர் அவர்தான். சிறுமியின் முகம் அழகாக இல்லை என்று விமர்சகர்கள் முகம் சுளித்தார்கள். பயிற்சிக்கு ஒழுங்காக வரவில்லை என்று 1882-இல் ஓபரா அவரை நீக்கியது. அத்துடன் வரலாற்றிலிருந்து மறைந்துபோனார். ஓவியரின் மறைவுக்குப் பின் வார்க்கப்பட்ட அவரது வெண்கல உருவங்களோ இன்று உலக அருங்காட்சியகங்களில் நிற்கின்றன.

மீண்டும் பூவாளிக்கு வருவோம். அந்த ஓவியம் டெகாவின் நண்பர் ஹென்ரி ருவாரிடம் இருந்தது. அவர் மறைந்த பின், 1912 டிசம்பரில் அவரது சேகரிப்பு ஏலத்துக்கு வந்தது. இந்த ஓவியம் 4 லட்சம் பிராங்குக்கும் மேல் விலைபோனது. உயிருடன் இருந்த ஓர் ஓவியரின் படைப்புக்கு அதுவரை காணாத விலை அது. டெகாவுக்கு அப்போது வயது 78. பார்வை பெரிதும் மங்கியிருந்தது. அந்தத் தொகையில் ஒரு காசுகூட அவருக்கு உரியதல்ல. இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. சட்டம் அப்படித்தான் இருந்தது. ஒரு பொருளை ஒருமுறை கைமாற்றிவிட்டால், பின்னர் கூடும் மதிப்பு முழுவதும் உடைமையாளருக்கே.

இத்தகைய ஏலங்கள் பிரான்சில் கேள்வியை எழுப்பின. மதிப்பை உருவாக்கியவருக்கு அதன் வளர்ச்சியில் பங்கில்லையா? 1920-இல் மறுவிற்பனைத் தொகையில் ஒரு சிறு விழுக்காட்டைக் கலைஞருக்கும் வாரிசுகளுக்கும் அளிக்கும் சட்டத்தை முதன்முதலாக அந்நாடு இயற்றியது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்திலும் 1994 திருத்தத்தின்வழி இவ்வுரிமை இடம்பெற்றது. 10 ஆயிரம் ரூபாய்க்கு மேல் மறுவிற்பனையாகும் மூலப் படைப்புகளுக்கு அது பொருந்தும். பங்கு 10 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது.

ஓவியருக்கான நீதி இப்படித் தாமதமாகவேனும் வந்தது. கம்பியில் கால் வைத்து நின்ற பெண்களுக்கு எந்தச் சட்டமும் வரவில்லை. சந்தை விலையைப் பதிவு செய்கிறது. அதன் பின்னிருந்த எல்லா உழைப்பையும் பதிவு செய்வதில்லை. டெகாவும் அவர்களுக்குப் பங்கு தரவில்லைதான். ஆனால் கைதட்டல் கேட்கும் மேடையை விட்டுவிட்டு, தண்ணீர் தெளித்த தரையில் அவர்கள் பட்ட பாட்டை வரைந்தார். கணக்குப் புத்தகத்தில் ஏறாத அந்த உழைப்புக்கு நம்மிடம் எஞ்சியிருக்கும் சாட்சி அதுதான்.