காணாமல் போன ‘இ’

இடையஞ்சாவடி. இந்த ஊர்ப்பெயரின் முதல் எழுத்தை மட்டும் மறைத்துவிட்டுப் படித்துப் பாருங்கள்: ‘டையஞ்சாவடி’. அப்படி ஓர் ஊர் கிடையாது. ஆனால் யூனிகோடு பரவுவதற்கு முந்தைய நாட்களில், தமிழில் வந்த மின்னஞ்சல்கள் சில கணினிகளில் இப்படித்தான் திறந்தன. இலங்கை ‘லங்கை’ ஆனது, இந்தியா ‘ந்தியா’ ஆனது.

படிப்பவருக்கு, எழுதியவர் அவசரத்தில் எழுத்தை விட்டுவிட்டார் என்றுதான் தோன்றும். எழுதியவரோ, “உங்க கம்ப்யூட்டர்ல ஃபாண்ட் ஒழுங்கா போட்டிருக்கீங்களா?” என்று திருப்பிக் கேட்பார். உண்மையில் இருவர் மேலும் தப்பில்லை.

அன்று இணையத் தமிழர்கள் பரவலாகப் பயன்படுத்திய குறியீட்டுமுறை திஸ்கி. அதில் மொத்தம் 256 இடங்கள். முதல் பாதி ஆங்கிலத்துக்கு, மறுபாதி தமிழுக்கு. ‘இ’ உட்கார்ந்திருந்த இடம் 173. மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான தரத்திலோ அதே 173, சொல்லை வரியின் கடைசியில் உடைக்கும்போது மட்டும் தலைகாட்டும் ஒட்டுக்குறிக்கு உரியது. மற்ற நேரங்களில் அது கண்ணில் படாது. தமிழ் அறியாத மென்பொருள் நம் ‘இ’யை அந்தக் குறி என்று நினைத்து மறைத்துவிட்டது. திஸ்கியின் 1.7 பதிப்பில் ‘இ’ 254ஆம் இடத்துக்குக் குடிபெயர்ந்தது.

தவறு யாருடையது என்பதற்கான தடயம் கடிதத்திலேயே இருந்தது. கை தவறினால் பிழை இங்கொன்றும் அங்கொன்றுமாக விழும். இங்கே யார் எழுதினாலும் தொலைந்தது அதே ஓர் எழுத்து. கடிதம் முழுவதும் புரியாத குறிகளாகத் தெரிந்தால் அது வேறு கதை: எழுத்துருவை நிறுவியதும் அதே கடிதம் சரியாகப் படிக்க வரும்.

பயனர் சொல்வது எவ்வளவு அபத்தமாகத் தோன்றினாலும் சோதிக்காமல் தள்ளக்கூடாது. டிரே ஹாரிஸ் என்ற அமெரிக்கக் கணினி நிர்வாகி 2002இல் எழுதிய அனுபவம் இதற்கு நல்ல சாட்சி. அவர் வேலை பார்த்த பல்கலைக்கழகத்தின் புள்ளியியல் துறைத் தலைவர் ஒருநாள் அழைத்து, 500 மைலுக்கு அப்பால் மின்னஞ்சல் போகவில்லை என்றார். மின்னஞ்சலுக்கு ஏது மைல் கணக்கு? ஆனாலும் ஹாரிஸ் ஊர் ஊராக அனுப்பிப் பார்த்தார். பக்கத்து ஊர்களுக்குப் போனது, தூரத்து ஊர்களுக்குப் போகவில்லை. சர்வரைப் புதுப்பித்தபோது சென்ட்மெயில் மென்பொருளின் பழைய பதிப்பு ஏறியிருந்தது. புதிய பதிப்புக்கு எழுதிய அமைப்புகளை அது புரிந்துகொள்ளாததால், மறுமுனையின் பதிலுக்குக் காத்திருக்கும் நேரம் பூஜ்யமாகிவிட்டது. நடைமுறையில் சுமார் 3 மில்லிநொடி. அதற்குள் ஒளியே ஏறத்தாழ 900 கிலோமீட்டர்தான் ஓடும். துறைத் தலைவர் சொன்னது அட்சரம் பிசகாத உண்மை.

மனிதத் தவறும் இல்லாமல் இல்லை. 2014 நவம்பரில் பிரிஸ்பேனில் ஜி20 மாநாடு நடக்கவிருந்த நேரம். ஆஸ்திரேலியக் குடிவரவுத் துறை ஊழியர் ஒருவர், நரேந்திர மோடி, ஒபாமா உள்ளிட்ட 31 தலைவர்களின் பாஸ்போர்ட் எண்களையும் விசா விவரங்களையும் ஆசியக் கோப்பை கால்பந்துப் போட்டி அமைப்பாளருக்கு அனுப்பிவிட்டார். அவுட்லுக் தானாக நிரப்பிய முகவரியை அவர் சரிபார்க்கவில்லை. மென்பொருள் தன் வேலையைத்தான் செய்தது, துறையும் மனிதத் தவறு என்றே பதிவு செய்தது. ஆனால் ஒரே பொத்தானில் வேறொருவரின் பெயரைக் கொண்டுவந்து நிறுத்தும் வசதியில் இத்தகைய சறுக்கலை எதிர்பார்க்கத்தான் வேண்டும். அனுப்பியதைச் சில நொடிகளுக்குள் திரும்பப் பெறும் வசதியை ஜிமெயில் 2015இல் எல்லோருக்கும் கொடுத்தது. அதிகபட்ச அவகாசம் 30 நொடி.

இன்று வேலைக்கான விண்ணப்பமும் மின்னஞ்சலில் போகிறது. “அனுப்பிட்டேன் சார்” என்பவரிடம் “நீங்கதான் தப்பா அனுப்பியிருப்பீங்க” என்று எடுத்த எடுப்பில் சொல்வது அநியாயம். ‘அனுப்பியவை’ பகுதியில் கடிதம் இருக்கிறதா, முகவரியில் எழுத்துப்பிழை உண்டா, திரும்பி வந்த தகவலில் என்ன காரணம் எழுதியிருக்கிறது, பெறுபவரின் ஸ்பேமில் கிடக்கிறதா என்று பார்க்க இரண்டு நிமிடம் போதும். பிறகு வேறொருவர் கணக்கிலிருந்து அதே கோப்பை அனுப்பிப் பார்க்கலாம். அங்கும் அதே இடத்தில் தடுக்கினால், விண்ணப்பித்தவரைக் குறை சொல்ல இடமில்லை.

‘இ’க்கு யூனிகோடில் 2951 என்ற தனி எண் இருக்கிறது. அந்த எண்ணுக்கு வேறு எந்த மொழியின் குறியும் உரிமை கோருவதில்லை. இடையஞ்சாவடி என்று எழுதி அனுப்பினால், இப்போது இடையஞ்சாவடி என்றே போய்ச் சேர்கிறது.