உத்தரவு யாருடையது?

2018 ஆகஸ்ட், கேரள வெள்ளம். பம்பையும் பெரியாறும் ஊருக்குள் புகுந்திருந்த நேரத்தில் திருவனந்தபுரத்தில் அரசியல் சண்டை ஒன்று கிளம்பியது. மீட்புப் பணியை மொத்தமாக ராணுவத்திடம் விடுங்கள் என்றார் எதிர்க்கட்சித் தலைவர் ரமேஷ் சென்னிதலா. முதல்வர் பினராயி விஜயன் மசியவில்லை. ராணுவம் வந்து உதவட்டும், பொறுப்பு சிவில் நிர்வாகத்துக்குத்தான் என்றார். அதற்குள் ராணுவ உடையில் ஒருவர் முதல்வரைத் திட்டும் வீடியோ வாட்ஸ்அப்பில் பறந்தது. அந்த ஆள் போலி என்று ராணுவமே சொல்ல வேண்டியதாயிற்று. காக்கியைப் பார்த்தால் சந்தேகப்படும் நாம் பச்சை உடைக்கு மட்டும் மயங்கிவிடுகிறோம்.

இந்த மயக்கம் திருவிதாங்கூர்க்காரர்களுக்கு வந்திருக்கவே கூடாது. 1946 அக்டோபரில் ராணுவச் சட்டத்தைப் பிரகடனம் செய்தார் திவான் சர் சி.பி.ராமசாமி ஐயர். அவரது ஆட்சியை எதிர்த்து வயலாரில் கயிறுத் தொழிலாளர்கள் பாக்கு மரத்தைச் சீவிக் கூராக்கிய குந்தங்களோடு நின்றார்கள். எதிரே சமஸ்தானப் படை, துப்பாக்கிகளோடு. சொந்தக் குடிகளை அடக்குவதில் அன்று படைக்கும் போலீசுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

சுதந்திரத்துக்குப் பின் இரண்டுக்கும் இடையே கோடு கிழித்தார்கள். 1954-ல் திருவிதாங்கூர் சமஸ்தானப் படையான நாயர் பட்டாளம் மெட்ராஸ் ரெஜிமென்டின் 9, 16-வது பட்டாலியன்களாயிற்று. மன்னரின் குதிரைப்படை ஊரிலேயே தங்கி, போலீஸ் குதிரைப்படையாகிவிட்டது. அதே ஆண்டு ஆகஸ்ட் 11-ல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் தமிழர்களைச் சுட்டது போலீஸ். அப்போது முதல்வராக இருந்தவர் பட்டம் தாணு பிள்ளை. தன் கட்சி முதல்வரே ஆனாலும் பதவி விலக வேண்டும் என்றார் ராம் மனோகர் லோகியா. குமரி மாவட்டத்தில் அந்தத் தேதியை இன்றும் மறக்கவில்லை.

ராணுவத்துக்கும் சட்டம் எல்லை வகுத்திருக்கிறது. கூட்டத்தைக் கலைக்க வேறு வழியே இல்லாதபோது மாஜிஸ்திரேட் ராணுவத்தை அழைக்கலாம். குறைந்த பலம், குறைந்த சேதம் என்பது நிபந்தனை. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 130-வது பிரிவு, இப்போதைய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 149.

ராணுவம் ஊருக்குள் வருவதற்குத்தான் இத்தனை காபந்து. போலீஸே ராணுவம்போல் ஆகிவிட்டால்? கேரளப் போலீசின் தண்டர்போல்ட் கமாண்டோக்கள் காட்டுப் போரில் பயிற்சி பெற்றவர்கள். 2016 நவம்பரில் நிலம்பூர்க் காட்டில் மாவோயிஸ்டுகள் இருவரும், 2019 அக்டோபரில் அட்டப்பாடி மஞ்சக்கண்டியில் நால்வரும் கொல்லப்பட்டார்கள். மஞ்சக்கண்டியில் நடந்தது போலி மோதல் என்று எதிர்க்கட்சி சொல்லியிருந்தால் வியப்பில்லை. சொன்னவர் ஆளும் கூட்டணியிலேயே இருந்த இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் அப்போதைய மாநிலச் செயலாளர் கானம் ராஜேந்திரன். அப்போதும் உள்துறை முதல்வரிடம்தான் இருந்தது. ராணுவத்திடம் தர மாட்டேன் என்று வெள்ளத்தின்போது பினராயி காப்பாற்றிவைத்த அதே சிவில் அதிகாரத்தின் கீழ்தான் மஞ்சக்கண்டியில் சுட்டார்கள்.