மாத்திரை வந்துவிட்டது, பாதத்தைப் பார்ப்பது யார்?

வெறுங்காலோடு வயலில் இறங்குபவருக்கு முள் தைத்தால் வலிக்க வேண்டும். பல ஆண்டுகள் கட்டுக்குள் வராத சர்க்கரை அந்த வலியையே இல்லாமல் செய்துவிடுகிறது. நரம்புகள் மரத்துப்போகின்றன, காலுக்கு ரத்த ஓட்டம் குறைகிறது. புண் வந்தது தெரியாமலே அவர் வேலைக்குப் போய் வருகிறார். சீழ் பிடித்து, காய்ச்சல் கண்ட பிறகு ஜி.எச்.சுக்கு அழைத்துப்போனால், விரலோடு போகுமா, முழங்கால் வரை எடுக்க வேண்டுமா என்பதுதான் அங்கே நடக்கும் பேச்சு.

இந்தியாவில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு சொன்னது. இன்னும் 13 கோடிப் பேருக்கு மேல் அதற்கு முந்தைய நிலையில் இருக்கிறார்கள். நம் அரசு மருத்துவமனைகளோ காய்ச்சலுக்கும் பிரசவத்துக்கும் விபத்துக்கும் என வளர்ந்தவை. வந்தோம், குணமானோம், போனோம் என்ற கணக்கு சர்க்கரைக்கு ஒத்துவராது. ஆயுள் முழுக்க மாதாமாதம் வர வேண்டும். கூலி வேலை செய்பவருக்கு அந்த வரிசையில் நிற்பது ஒரு நாள் சம்பளம். உடம்பில் ஒன்றும் தெரியாதபோது மாத்திரையை நிறுத்திவிடுகிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இதைப் புரிந்துகொண்டு வந்ததுதான் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம். சுய உதவிக் குழுப் பெண்கள் பிரஷர், சுகர் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். பெரிய காரியம் இது. ஆனால் மாத்திரை கைக்கு வருவது வேறு, சர்க்கரை கட்டுக்குள் வருவது வேறு. திட்டம் தொடங்கும் முன்பு, 2020-ல் தமிழகத்தில் எடுத்த கணக்கெடுப்பில், சர்க்கரை உள்ளவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்குத்தான் அது கட்டுக்குள் இருந்தது. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை, கண், சிறுநீரில் புரதம், பாதம் எல்லாவற்றையும் பார்த்து மருந்தின் அளவை மாற்ற ஒருவர் வேண்டும். சிறுநீரகம் கைவிட்டால் வாரம் இரண்டு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் டயாலிசிஸ். ஒரு கருவி அத்தனை நேரம் ஒரே நோயாளிக்கு.

பாதத்தைச் சோதிக்கக் கருவி என்று பெரிதாக எதுவும் தேவையில்லை. ஒரு நைலான் இழையால் உள்ளங்காலில் சில இடங்களில் அழுத்தி, தெரிகிறதா என்று கேட்டால் போதும். 'பாதம் பாதுகாப்போம்' என்ற திட்டத்தை அரசே கொண்டுவந்திருக்கிறது. அது மருத்துவமனைகளோடு நின்றுவிடக் கூடாது. மாத்திரையோடு வாசலுக்கு வரும் அந்தப் பெண்ணின் பையில் இந்த இழையும் இருக்க வேண்டும். அவருக்கு முறையான பயிற்சியும், ஊக்கத்தொகை என்ற பெயரில் அல்லாமல் வேலைக்கேற்ற சம்பளமும் கொடுக்க வேண்டும்.