ஏழு மீனில் ஒன்று மிஞ்சுவது ஏன்?

"ஏழு வாங்கினேன், ஆறு மாதத்தில் ஒன்றுதான் மிச்சம்." வீட்டில் கடல்மீன் தொட்டி வைத்திருப்போர் அடிக்கடி சொல்லும் முறைப்பாடு இது. பச்சையும் நீலமுமாக மினுங்கும் குரோமிஸ் என்ற சிறு மீனைத்தான் சொல்கிறார்கள்.

செங்கடல் தொடக்கம் பசுபிக் சமுத்திரம் வரை, கிளைவிட்ட முருகைக்கற்களுக்கு மேலே இவை கூட்டமாக நிற்கும். நீரோட்டம் கொண்டுவரும் நுண்ணுயிர்களைப் பகல் முழுதும் கொத்தித் தின்னும். பெரிய மீனைக் கண்டால் எல்லாம் ஒரே நொடியில் கிளைகளுக்குள் ஒளித்துவிடும். பயம்தான் இவற்றைச் சேர்த்து வைத்திருக்கிறது.

தொட்டியில் அந்தப் பயம் இல்லை. இடமும் குறைவு; இரையோ நாளுக்கு ஒரு தடவை. பலமானது மெலிந்ததை மூலைக்குத் துரத்தும். துரத்தப்பட்டது இரைக்கு வராது, ஒருநாள் செத்து மிதக்கும். பிறகு அடுத்ததன் முறை.

ஆகவே தொட்டி நீளமாக, 400 லீற்றர் அளவிலாவது இருக்கட்டும். ஒரே அளவான மீன்களை ஒரே நாளில் விடுங்கள். இரையை மூன்று நாலு தடவையாகச் சிறிது சிறிதாகப் போடுங்கள். ஒளிப்பதற்குக் கிளைக்கற்கள் வேண்டும். இலங்கையில் கடல் முருகைக்கல்லை உடைத்தெடுப்பது குற்றம், செயற்கைக் கல்லே போதும். உடம்பில் சிவந்த புண் உள்ள மீனைக் கடையிலேயே விட்டுவிடுங்கள்.

இரை போடும்போது ஒதுங்கி நிற்பது எது என்று பாருங்கள். அதை அன்றே வேறு தொட்டிக்கு மாற்றினால் தேறக்கூடும்.